வாங்கும்போதே வெல்ல வேண்டும்: வீரர் தெரிவும் வியாபாரக் கணக்கும்

இலாபம் விற்கும்போது வருவதில்லை, வாங்கும்போதே வந்துவிடுகிறது என்று எமது மூத்த வியாபாரிகள் சொல்வார்கள். கல்முனையில் புடவைக் கடை வைத்திருப்பவரும், அக்கரைப்பற்றில் ஹாட்வெயார் நடத்துபவரும், வரிப்பத்தான்சேனையில் அறுவடைக் காலத்தில் களத்துக்கே போய் நெல் எடுப்பவரும் இதை நன்கு அறிவார்கள். கையில் இருக்கும் காசு ஓர் அளவு. வாங்க வேண்டிய சரக்கோ பல விதம். எதற்கு முதலில் கை நீட்டுவது, எதில் எவ்வளவு வரை போவது, எந்த இடத்தில் எழுந்து வருவது என்பதுதான் முழு வியாபாரமும்.

இதே கேள்வியை வருடா வருடம் பகிரங்கமாக, தொலைக்காட்சி கமராக்களுக்கு முன்னால் எதிர்கொள்ளும் ஒரு தொழில் இருக்கிறது. அதுதான் தொழில்முறை விளையாட்டு அணிகளின் வீரர் தெரிவு. சாதாரண வியாபாரத்தில் பக்கத்துக் கடைக்காரர் என்ன விலைக்கு எடுத்தார் என்பது எமக்குத் தெரியாது. எடுத்த சரக்கு அவருக்கு எவ்வளவு தந்தது என்பதும் தெரியாது. விளையாட்டு அணிகளின் விடயத்தில் இரண்டுமே ஊரறிந்த செய்தி. ஆகவே விளையாட்டில் ஆர்வம் இல்லாத வியாபாரியும் இந்தச் சந்தையைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்பது பயனுள்ளது.

வரிசையும் ஏலமும்

வீரர்களைத் தெரிவு செய்ய உலகில் இரண்டு பிரதான முறைகள் உள்ளன. ஒன்று, அணிகள் முறை வைத்து ஒன்றன்பின் ஒன்றாக வீரரைத் தெரிவு செய்யும் 'ட்ராப்ட்' முறை. மற்றையது, விலை கூறி எடுக்கும் ஏல முறை. முதலாவதில் காசை விட வரிசையில் உங்கள் இடமே பெரிது. இரண்டாவதில் இடம் எல்லோருக்கும் ஒன்று, பணப்பை பேசும்.

வரிசை முறையை மிக நுணுக்கமாகக் கையாளும் நாடுகளில் அவுஸ்திரேலியாவும் ஒன்று. அங்கு முட்டை வடிவ மைதானத்தில் பக்கத்துக்கு 18 பேர் ஆடும் அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்டம் மிகப் பிரபலமானது. அதன் தேசிய வீரர் தெரிவு 1986இல் ஆரம்பமானது. கடந்த பருவத்தில் கடைசி இடத்துக்கு வந்த கழகம் முதல் தெரிவைப் பெறும். சம்பியனான கழகம் வரிசையின் கடைசியில் நிற்கும். அதனுடன் வீரர் சம்பளத்துக்கு ஓர் உச்ச எல்லையும் உண்டு. பணக்காரக் கழகமே எல்லா நல்ல வீரர்களையும் அள்ளிச் சென்றுவிட்டால் போட்டி செத்துவிடும், போட்டி செத்தால் பார்வையாளர் வரமாட்டார், பார்வையாளர் வராவிட்டால் பணக்காரக் கழகமும் நட்டப்படும் என்பதே இதன் நியாயம்.

அங்கே வரிசையில் உள்ள இடமும் ஒரு சரக்குத்தான். ஒரு கழகம் தனது இடத்தை இன்னொரு கழகத்துக்குக் கொடுத்து வீரரையோ வேறு இடங்களையோ வாங்கலாம். 2015இல் ஒவ்வோர் இடத்துக்கும் புள்ளிப் பெறுமதி ஒன்று அறிமுகமானது. அதன்படி முதலாம் இடத்துக்கு 3000 புள்ளிகள், இரண்டாம் இடத்துக்கு 2517, பத்தாம் இடத்துக்கு 1395. அதாவது பத்தாம் இடத்தைப் போல் இரண்டைச் சேர்த்தாலும் முதலாம் இடத்தின் பெறுமதிக்கு வராது. இந்த அட்டவணை பின்னர் திருத்தப்பட்டாலும் அதன் உள்ளர்த்தம் மாறவில்லை. முதல் தரச் சரக்குக்கும் இரண்டாம் தரச் சரக்குக்கும் இடையிலான விலை வித்தியாசம் நேர்கோட்டில் போவதில்லை. உச்சியில் செங்குத்தாக ஏறுகிறது.

ஆனால் அந்த உச்சி விலை நியாயமானதா? அமெரிக்க உதைபந்தாட்டத்தின் வீரர் தெரிவை ஆராய்ந்த கேட் மெஸ்ஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இருவர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சுவையான பதில் தருகிறது. தேலர் 2017இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். ஒரே நிலையில் ஆடும் இரு வீரர்களில், முதலில் தெரிவானவர் அடுத்ததாகத் தெரிவானவரை விடச் சிறந்தவராக அமைந்தது ஏறத்தாழ 52 வீதமான சந்தர்ப்பங்களில் மட்டுமே என்று அவர்கள் கண்டார்கள். காசைச் சுண்டிப் பார்த்தால் 50 வீதம். நிபுணர்களின் மதிப்பீடு அதைவிட இரண்டே வீதம்தான் மேல். ஆகவே முதலிடத்தை விட்டுக் கொடுத்துப் பின்னால் பல இடங்களை வாங்கிக்கொள்ளும் அணி, கொடுக்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டால், கூடுதல் பலன் அடைகிறது என்பது அவர்களது முடிவு. "இதுதான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம்" என்று பிடிவாதமாக நிற்கும் வியாபாரி யோசிக்க வேண்டிய விடயம் இது.

தோற்று வாங்கியவர்களின் கதை

கடைசி இடத்துக்கு முதல் தெரிவு என்றால், வேண்டுமென்றே தோற்றுப் போகலாமே என்ற எண்ணம் வருவது இயல்பு. மெல்பேர்ன் கழகம் 2009ஆம் ஆண்டுப் பருவத்தில் அவ்வாறு நடந்துகொண்டதா என்று விசாரணை நடந்தது. 2013 பெப்ரவரியில் வந்த தீர்ப்பில், கழகம் வேண்டுமென்றே தோற்றதாக முடிவு செய்யப்படவில்லை. ஆயினும் அக்காலத்து நடவடிக்கைகளுக்காக 5 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. இரு அதிகாரிகள் இடைநிறுத்தப்பட்டார்கள்.

வியாபாரிக்கு முக்கியமானது அதற்குப் பிந்திய கணக்கு. 2009 தெரிவில் மெல்பேர்னுக்கு முதலாம், இரண்டாம் இடங்கள் இரண்டுமே கிடைத்தன. டொம் ஸ்கலி, ஜக் ட்ரென்கோவ் என்ற இரு இளைஞர்களை எடுத்தார்கள். ஸ்கலி இரண்டே பருவங்களில், புதிதாக உருவான மேற்கு சிட்னிக் கழகத்துக்குப் போய்விட்டார். ட்ரென்கோவைக் காயம் வாட்டியது. மெல்பேர்ன் கிண்ணம் வென்றது 2021இல். 1964க்குப் பின்னர் அதுவே முதற்தடவை. நல்ல சரக்கைக் கொண்டுவந்து சேர்த்தால் மட்டும் கடை நிமிராது, அதை வைத்து வளர்க்கும் இடமும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

இதற்கு மறுபக்கம் பாச்சார் ஹூலியின் கதை. லெபனான் வம்சாவளியில் வந்த, மார்க்கப்பற்றுள்ள இந்த முஸ்லிம் இளைஞரை எசெண்டன் கழகம் 2006 தெரிவில் 42ஆம் இடத்தில் எடுத்தது. யாரும் பெரிதாகப் பேசாத இடம் அது. 2010 இறுதியில் அவர் எசெண்டனை விட்டு ரிச்மண்ட் கழகத்துக்குச் சென்றார். அந்த மாற்றத்தில் எசெண்டனுக்குப் பதிலாக எதுவும் கிடைக்கவில்லை. ரிச்மண்ட் 2017, 2019, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கிண்ணம் வென்றபோது ஹூலி அந்த அணியில் இருந்தார். கண்டெடுத்தவர் ஒருவர், பலன் அனுபவித்தவர் இன்னொருவர்.

எமது ஊர்களில் கடைக்கு எடுத்துத் தொழில் பழக்கிய பொடியன், கணக்கு வழக்கெல்லாம் கைவந்த பிறகு கட்டாருக்கோ பக்கத்துக் கடைக்கோ போய்விடுகிறான் என்று முதலாளிமார் குறைப்படுவதுண்டு. தெரிவு செய்வது பாதி வேலைதான். தக்கவைப்பது மறு பாதி.

டில்லி விட்டுவிட்ட இளைஞன்

அண்டை நாட்டுக்கு வருவோம். இந்தியன் பிரீமியர் லீக் என்றாலே ஏலம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் 2008 மார்ச் மாதத்தில் அங்கே ஒரு வரிசைத் தெரிவும் நடந்தது. மலேசியாவில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தை வென்று திரும்பிய இந்திய இளைஞர்களை அணிகளுக்குப் பங்கிடுவதற்காக அது நடத்தப்பட்டது. முதல் வாய்ப்பு டில்லி அணிக்கு. அந்த உலகக் கிண்ண அணியின் தலைவர் விராட் கோஹ்லி டில்லியைச் சேர்ந்தவர். சொந்த ஊர்ப் பிள்ளை.

டில்லி அவரை எடுக்கவில்லை. அவர்களிடம் சேவாக், கம்பீர், ஷிகர் தவான், டி வில்லியர்ஸ், எமது திலகரத்ன டில்ஷான் என்று துடுப்பாட்ட வீரர்கள் நிறைந்திருந்தார்கள். குறைவாக இருந்தது பந்துவீச்சு. ஆகவே பிரதீப் சங்வான் என்ற இடதுகை வேகப்பந்து வீச்சாளரைத் தெரிவு செய்தார்கள். கோஹ்லியை பெங்களூர் அணி 30,000 டொலருக்கு எடுத்துக்கொண்டது.

அன்றைய நிலையில் டில்லியின் முடிவைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல முடியாது. கடையில் அரிசி நிறைந்திருந்தால் சீனி வாங்குவதுதான் முறை. பிழை எங்கே என்றால், இன்றைய ராக்கையில் உள்ள வெற்றிடத்தை நிரப்ப, பல வருடங்கள் பலன் தரக்கூடிய சரக்கை விட்டதில்தான். ஒரு பருவத்துக்கு வாங்கும் பொருளுக்குத் தேவை முக்கியம். பத்து வருடத்துக்கு வாங்கும் பொருளுக்குத் தரமே முக்கியம். நோன்புப் பெருநாளுக்கு எடுக்கும் புடவைக்கும், கடைக்கு வாங்கும் காணித் துண்டுக்கும் ஒரே அளவுகோலை வைக்கலாமா?

ஆனாலும் இந்தக் கதையை இந்த இடத்தில் நிறுத்தினால் அரைக் கதைதான். கோஹ்லியை வைத்திருந்த பெங்களூர் அணி முதன்முதலாகக் கிண்ணம் வென்றது 2025 ஜூன் 3ஆம் திகதி, 18ஆவது பருவத்தில். உலகின் மிகச் சிறந்த துடுப்பாட்ட வீரர்களில் ஒருவர் கையில் இருந்தும் 17 பருவங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு தங்கக் கட்டியை வைத்துக்கொண்டு நகைக்கடை நடத்த முடியாது.

டோனியின் விலை: ஒரே பொருள், இரு கணக்கு

2008 பெப்ரவரி 20ஆம் திகதி மும்பாயில் நடந்த முதலாவது ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் 5 மில்லியன் டொலர் செலவிட அனுமதி இருந்தது. மகேந்திர சிங் டோனியை சென்னை அணி 1.5 மில்லியன் டொலருக்கு எடுத்தது. அன்றைய தினத்தின் மிகக் கூடிய விலை அதுதான். அவருக்காகச் சென்னையும் மும்பாயும் மோதின. மும்பாய் ஏன் பின்வாங்கியது என்பதில்தான் வியாபார நுட்பம் இருக்கிறது.

சில அணிகளுக்கு 'ஐகன்' வீரர் என்று ஒருவர் ஏலமின்றியே ஒதுக்கப்பட்டிருந்தார். மும்பாய்க்கு டெண்டுல்கர். விதியின்படி ஐகன் வீரருக்கு, அவ்வணி ஏலத்தில் எடுக்கும் மிக விலை கூடிய வீரரை விட 15 வீதம் அதிகம் கொடுக்க வேண்டும். சென்னைக்கு ஐகன் வீரர் எவரும் இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். சென்னை 1.5 மில்லியனுக்கு டோனியை எடுத்தால் செலவு 1.5 மில்லியன். மிச்சம் 3.5 மில்லியன். மும்பாய் அதே விலைக்கு எடுத்தால் டோனிக்கு 1.5, டெண்டுல்கருக்கு 1.725. மொத்தம் 3.225 மில்லியன். முழு அணிக்கும் மிஞ்சுவது 1.775 மில்லியன் மாத்திரமே. ஆள் ஒருவர்தான், கூறப்பட்ட விலையும் ஒன்றுதான். ஆனால் வாங்குபவருக்கு விழும் உண்மைச் செலவு இரு மடங்குக்கும் மேல் வித்தியாசம். சென்னை தனக்குள்ள இந்த வசதியை அறிந்து துணிந்து விலை ஏற்றியது. டோனியின் தலைமையில் 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து கிண்ணங்களை வென்றது.

நெல் கொள்வனவிலும் இதுவே நடக்கிறது. சொந்த லொறியும், காய வைக்கக் களமும், பக்கத்திலேயே ஆலையும் உள்ளவர் கிலோவுக்கு ஒரு ரூபா கூட்டிக் கொடுத்தாலும் அவருக்குக் கட்டும். வாடகை லொறியில் தூர இடத்து ஆலைக்கு ஏற்றுபவர் அந்த விலையைப் பார்த்து ரோஷத்தில் தானும் கூட்டினால், போகம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது கையில் சாக்குத்தான் மிஞ்சும். அடுத்தவர் சொல்லும் விலை அவருடைய செலவுக் கணக்கில் பிறந்தது. எங்கள் விலை எங்கள் கணக்கில் பிறக்க வேண்டும்.

குறைந்த காசு, கூடிய கவனம்

அதே 2008இல் மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்ட அணி ராஜஸ்தான். மும்பாய் அணியின் உரிமை 111.9 மில்லியன் டொலருக்குப் போக, ராஜஸ்தான் 67 மில்லியனுக்குப் போனது. அவர்கள் ஏலத்தில் பெரிய பெயர்களின் பின்னால் ஓடவில்லை. டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்றிருந்த ஷேன் வோர்னை 4 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு எடுத்துத் தலைமையையும் பயிற்சியையும் அவரிடமே ஒப்படைத்தார்கள். ஷேன் வொட்சனை 1 இலட்சத்து 25 ஆயிரத்துக்கும், பாகிஸ்தானின் சொஹைல் தன்வீரை 1 இலட்சத்துக்கும் எடுத்தார்கள். வொட்சன் தொடரின் சிறந்த வீரரானார். தன்வீர் 22 விக்கெட்டுகளுடன் பந்துவீச்சில் முதலிடம் பெற்றார். இறுதிப் போட்டியின் கடைசிப் பந்தில் சென்னையை வென்று ராஜஸ்தான் முதலாவது கிண்ணத்தைத் தூக்கியது.

மறுபுறம் ஹைதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸ் அணி அன்ட்ரூ சைமண்ட்ஸுக்கு 1.35 மில்லியன் டொலர் கொடுத்தது. அவர் நான்கு போட்டிகளில் மட்டும் ஆடிவிட்டு அவுஸ்திரேலிய அணிக்காகப் போக வேண்டியிருந்தது. டெக்கான் அந்தப் பருவத்தில் கடைசி இடம். திறமையில் சைமண்ட்ஸ் குறைந்தவரல்லர். ஆனால் தேவையான நாளில் கடையில் இல்லாத சரக்குக்கு எவ்வளவு தரம் இருந்தென்ன? விலை பேசும் முன் "எப்போது கிடைக்கும், எத்தனை நாள் கிடைக்கும்" என்று கேட்பது வியாபாரத்தின் அரிச்சுவடி.

27 கோடியின் பாடம்

2024 நவம்பரில் சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில் நடந்த ஏலம் இன்னும் பெரியது. தக்கவைத்த வீரர்களையும் சேர்த்து ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி இந்திய ரூபா. ரிஷப் பந்துக்கு லக்னோ அணி 20.75 கோடி வரை வந்தது. அவரது பழைய அணியான டில்லிக்கு அந்த விலையைச் சமப்படுத்தி அவரைத் திரும்பப் பெறும் உரிமை இருந்தது. டில்லி அந்த உரிமையைக் கையில் எடுத்தபோது, விதிப்படி லக்னோவுக்கு விலையைக் கடைசியாக ஒரு தடவை உயர்த்த வாய்ப்புக் கிடைத்தது. லக்னோ ஒரே பாய்ச்சலில் 27 கோடிக்குப் போனது. டில்லி விலகிக்கொண்டது.

இந்த 6.25 கோடிப் பாய்ச்சல் அவசியமா என்பது அன்றிலிருந்து விவாதத்துக்குரிய விடயம். போட்டியாளரை மிரட்ட ஒரு பாய்ச்சல் வேண்டும்தான். ஆனால் அதற்கான காசு வேறெங்கோ குறையும். லக்னோ ஏலத்துக்கு வரும்போது கையில் இருந்தது 69 கோடி. அதில் நூற்றுக்கு 39 வீதம் ஒருவருக்கே போனது. 2024இல் நான்கு போட்டிகளில் மட்டுமே ஆடிய இளம் வேகப்பந்து வீச்சாளர் மயங்க் யாதவை 11 கோடிக்கு ஏற்கனவே தக்கவைத்திருந்தார்கள். காயத்தினால் அவர் 2025இல் இரண்டு போட்டிகளில்தான் ஆடினார். லக்னோ ஏழாம் இடத்தில் முடித்தது.

அதே ஏலத்தில் பஞ்சாப் அணி ஷ்ரேயாஸ் ஐயருக்கு 26.75 கோடி கொடுத்தது. ஏறக்குறைய பந்தின் விலைதான். ஆனால் பஞ்சாப் இரண்டு வீரர்களை மட்டுமே தக்கவைத்து, 110.5 கோடியுடன் ஏலத்துக்கு வந்திருந்தது. அவ்வளவு பெரிய பையிலிருந்து 26.75 கோடி போனால் கால்வாசிக்குச் சற்றுக் குறைவு. மிச்சக் காசில் முழு அணியையும் ஒரு பயிற்றுவிப்பாளரின் திட்டப்படி புதிதாகக் கட்டினார்கள். 2025இல் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்து, இறுதிப் போட்டியில் 6 ஓட்டங்களால்தான் தோற்றார்கள். ஷ்ரேயாஸ் யார்? 2024இல் கொல்கத்தா அணிக்குக் கிண்ணம் வென்று கொடுத்த தலைவர். அவரை விட்டுவிட்ட கொல்கத்தா, தானே விடுவித்த வெங்கடேஷ் ஐயரை அதே ஏலத்தில் 23.75 கோடிக்குத் திரும்ப வாங்கியது. 2025இல் கொல்கத்தாவுக்குக் கிடைத்தது எட்டாம் இடம்.

ஏலங்களைப் பற்றி ஆராய்பவர்கள் 'வெற்றியாளரின் சாபம்' என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரே பொருளைப் பத்துப் பேர் மதிப்பிட்டால் சிலர் குறைத்தும் சிலர் கூட்டியும் மதிப்பிடுவார்கள். ஏலத்தில் ஜெயிப்பவர் எப்போதும் மிகக் கூட்டி மதிப்பிட்டவரே. ஆகவே ஏலத்தை வென்ற அந்தக் கணமே "நான் கூட மதிப்பிட்டுவிட்டேனா" என்று கேட்க வேண்டிய கணம். காணி ஏலத்திலும், அடகு நகை ஏலத்திலும், பாவித்த வாகன ஏலத்திலும் இது பொருந்தும்.

எமது நாட்டுச் சந்தை

இலங்கையில் லங்கா பிரீமியர் லீக் 2020இல் ஆரம்பமானது. முதலாவது வீரர் தெரிவு 2020 ஒக்டோபர் 19ஆம் திகதி இணையவழியாக வரிசை முறையில் நடந்தது. 2023 ஜூனில் முதன்முறையாக ஏலம் வந்தது. ஒவ்வோர் அணிக்கும் 5 இலட்சம் டொலர் எல்லை. அந்த ஏலத்தில் மிகக் கூடிய விலையான 92,000 டொலருக்குப் போனவர் டில்ஷான் மதுஷங்க. 2024இல் மதீஷ பத்திரண 1 இலட்சத்து 20 ஆயிரம் டொலருக்குப் போனார். இதே பத்திரண 2022இல் சென்னை அணியில் காயமடைந்த ஒருவருக்குப் பதிலாக வெறும் 20 இலட்சம் இந்திய ரூபாவுக்குச் சேர்ந்தவர். 2025 பருவத்துக்கு அதே அணி அவரைத் தக்கவைக்கக் கொடுத்தது 13 கோடி.

விலை ஏறுவது போல் இறங்கவும் செய்யும். வனிந்து ஹசரங்கவை 2022இல் பெங்களூர் 10.75 கோடிக்கு வாங்கியது. அவர் அந்தப் பருவத்தில் 26 விக்கெட்டுகள் எடுத்தார். 2023 டிசம்பர் ஏலத்தில் ஹைதராபாத் அவரை 1.5 கோடிக்கு வாங்கியது. 2024 நவம்பரில் ராஜஸ்தான் 5.25 கோடி கொடுத்தது. ஆள் அதே ஆள். மாறியது அன்றைய தினம் மண்டபத்தில் இருந்தவர்களின் தேவையும் பணப்பையும்தான்.

லங்கா பிரீமியர் லீக்கில் 2024 வரை நடந்த ஐந்து பருவங்களில் நான்கில் யாழ்ப்பாண அணி கிண்ணம் வென்றிருக்கிறது. முதல் மூன்று வெற்றிகளும் திஸர பெரேரா என்ற ஒரே தலைவரின் கீழ் வந்தவை. அணியின் பெயர் ஸ்டாலியன்ஸிலிருந்து கிங்ஸ் என்று மாறியபோதும் தலைமை மாறவில்லை.

அந்த அணி செய்த இன்னொரு காரியம் எமக்கு மிக முக்கியம். 2020இல் யாழ். மத்திய கல்லூரி மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த் என்ற 18 வயதுச் சுழற்பந்து வீச்சாளரை அணியில் சேர்த்து டிசம்பர் 4ஆம் திகதி களமிறக்கினார்கள். அவர் அன்று வீழ்த்திய விக்கெட் அஞ்சலோ மத்தியூஸ். நான்கு வருடம் கழித்து, 2024இல், காயத்தினால் ஆட முடியாமற் போன ஹசரங்கவுக்குப் பதிலாக ஹைதராபாத் அணி அவரை 50 இலட்சம் இந்திய ரூபாவுக்கு அழைத்தது. மே 8ஆம் திகதி அவர் இந்தியன் பிரீமியர் லீக்கில் பந்து வீசினார். யாழ்ப்பாணப் பாடசாலை மைதானத்தில் ஒருவர் கண் வைத்துப் பார்த்திராவிட்டால் இது நடந்திருக்காது.

எமது கரையோரத்தின் பங்கு

கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்று ஐந்து நகரங்களின் பெயரில் அணிகள் ஆடின. கிழக்கு மாகாணத்தின் பெயரில் ஓர் அணி இல்லை. பொத்துவிலிலிருந்து மருதமுனை வரை, உள்ளே இறக்காமம், வரிப்பத்தான்சேனை வரை, அறுவடை முடிந்த வயலிலும் கடற்கரை மணலிலும் பந்து வீசும் இளைஞர்களுக்குக் குறைவில்லை. அவர்களைப் பார்க்க வருபவர்தான் குறைவு.

ஊர்க் கழகங்கள் நடத்தும் மென்பந்துச் சுற்றுப்போட்டிகளில் இப்போது வீரர் ஏலம் ஒரு வழக்கமாகிவிட்டது. கடை முதலாளிமாரே அணி உரிமையாளர்கள். ஆளுக்கு இத்தனை புள்ளி என்று கொடுத்து ஏலம் விடுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது என்ன? முதல் இரண்டு பெயருக்கே பாதிப் புள்ளி போய்விடுகிறது. கடைசி நான்கு பேரை யார் எவர் என்று தெரியாமலே எடுக்க வேண்டி வருகிறது. வெளியூரிலிருந்து வந்த நட்சத்திரம் ஒரு நாள் ஆடிவிட்டுப் போய்விடுகிறார். ஊர்ப் பொடியன் எல்லைக்கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தலுடன் நிற்கிறான். மேலே பார்த்த டெக்கானின் கதையும் லக்னோவின் கதையும் இதுதான், அளவு மட்டும் சிறிது.

அனுசரணை வழங்கும் வியாபாரிகள் தமது பணத்தில் ஒரு பங்கை, ஒரு நாள் நட்சத்திரத்துக்குக் கொடுப்பதற்குப் பதிலாக, ஊரிலுள்ள இரண்டு பாடசாலை மாணவருக்குக் கடினப்பந்து, காலணி, பயிற்சிக்குப் போய்வரப் பஸ் காசு என்று மூன்று வருடத்துக்குக் கொடுத்துப் பார்க்கட்டும். விளம்பரப் பலகையை விட அது நீண்ட நாள் பேசும்.

கடைக்குள் கொண்டுவர வேண்டியவை

இத்தனை கதையிலிருந்தும் ஒரு வியாபாரி எடுத்துச் செல்லக்கூடியவற்றைச் சுருக்கிச் சொல்வோம்.

முதலாவது, கொள்வனவுக்குப் புறப்படும் முன் ஒவ்வொரு பொருளுக்கும் உங்கள் உச்ச விலையைக் கொப்பியில் எழுதுங்கள். சந்தையில் நின்று எழுதும் விலை ரோஷத்தின் விலை.

இரண்டாவது, அந்த உச்ச விலையில் மறைந்திருக்கும் செலவுகளையும் சேருங்கள். மும்பாய்க்கு டெண்டுல்கரின் 15 வீதம் இருந்தது போல், உங்களுக்கு லொறி வாடகை, கடன் காசின் சுமை, கெட்டுப்போகும் பங்கு என்று ஏதாவது இருக்கும்.

மூன்றாவது, பெரிய பொருள் ஒன்றுக்காகக் கையிருப்பில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போகுமானால் இரண்டு தடவை யோசியுங்கள். அது தவறினால் மிச்சம் உங்களைத் தாங்குமா?

நான்காவது, பருவச் சரக்குக்கு வெற்றிடத்தைப் பாருங்கள். நீண்டகால முதலீட்டுக்கும் வேலையாட்களுக்கும் தரத்தைப் பாருங்கள். டில்லி இரண்டையும் குழப்பியது.

ஐந்தாவது, பழைய சரக்கை ஒரேயடியாக இகழவும் வேண்டாம், ஒரேயடியாகக் கட்டிப்பிடிக்கவும் வேண்டாம். சென்னை அணி 2018இல் முப்பது வயது கடந்தவர்களையே நிறைய வாங்கிக் கேலிக்குள்ளாகி, அந்த வருடமே கிண்ணம் வென்றது. அதே அணி 2025இல் தனது வரலாற்றில் முதற்தடவையாகக் கடைசி இடத்துக்கு வந்தது.

ஆறாவது, நல்ல ஆளை எடுத்தபின் அவருக்கு வளர இடம் கொடுங்கள். சம்பளத்தை உரிய நாளில் கொடுப்பதும், பொறுப்பை நம்பி ஒப்படைப்பதும், இலாபத்தில் சிறு பங்கு தருவதும் செலவல்ல. ஹூலியை இழந்த எசெண்டனுக்குப் பதிலாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

பெரும்போகமோ சிறுபோகமோ, நெல் களத்துக்கு வந்ததும் வியாபாரிகளின் மோட்டார் சைக்கிள்கள் வயல் பாதைகளில் ஓடத் தொடங்கும். முதலில் போய்ச் சேர்ந்தவர் வென்றார் என்றில்லை. அதிக விலை சொன்னவர் வென்றார் என்றுமில்லை. தன் கணக்கை அறிந்து போனவரும், பிறர் கவனிக்காத வரம்போரத்தில் நல்ல மணியைக் கண்டவருமே அடுத்த போகத்துக்கும் காசோடு வருவார்கள்.